சம்மனசு எந்தப் பக்கம் பார்க்கிறது?

சுவரில் படம் வரையும் தொழிலில் உயரமான சாரத்துக்குக்கூட நான் பயந்ததில்லை, கீழே நின்று அர்த்தம் சொல்கிறவர்களுக்குத்தான் பயம். தூரிகை பிடித்துப் பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூஞ்சி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், மாதா கோயில் முகப்பில் இறக்கை வைத்த தேவதூதர்களாக இரண்டு சம்மனசுக் குழந்தைகளை வரைந்தேன். பையன் மேகத்தில் சாய்ந்து தூங்குகிறான். பெண் ஏரியைப் பார்க்கிறாள். அவள் முகம் ரோஸியின் மகளுடையது. ரோஸி இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவள். போன வருஷம் காய்ச்சலுக்கு மகளைப் பறிகொடுத்தவள். அந்த முகத்தில் துக்கமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், அம்மாவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் அமைதி போதும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். கோயில் கமிட்டித் தலைவர் அண்ணாந்து பார்த்தார். "வெறும் வலைய இஸ்துக்கினு வந்தவன் மூஞ்சியாட்டம் கீது. கொஞ்சம் சிரிக்க வையேம்மா."

இறக்கை

ஏரிக்கு வரும் பூநாரையைப் பார்த்துத்தான் இறக்கை ஓரத்தில் இளஞ்சிவப்பு தீட்டினேன். தலைவரின் மச்சான் பொன்னேரியில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். என்னிடமே வந்து சொன்னார்: "இன்னா மேடம், அடிபட்டு ரத்தம் கட்னாப்பல கீது?"

கண்

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இந்த முறை மீன் நிறையப் படும் வடக்குப் பாடு ஒரு கோஷ்டிக்குப் போனது. தெற்கு விழுந்த கோஷ்டி நேராக என் சாரத்தடியில் வந்து நின்றது. பெண் குழந்தையின் கண்ணை மூடு, இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்துவிடுவோம் என்றார்கள். சீட்டு விழுந்ததற்குச் சுவர் என்னய்யா செய்யும்? அவர்களில் மூத்தவர் விரலை நீட்டினார். "இது வடக்கால பாத்துக்கினு கீது. அதான் சீட்டு அவுங்களுக்கு வுழுந்துச்சு!"

காவல்

"கண்ணை மூட மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்" என்று கத்தினேன். அப்போதுதான் ஏரியிலிருந்து ஈரச் சேலையோடு ரோஸி ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்றாள். "எம்பொண்ணு வடக்கயும் பாக்கல, தெக்கயும் பாக்கல. தண்ணில நா எங்க நின்னாலும் என்னத்தான் பாக்குது. மூடிட்டீங்கன்னா நா எப்டி எறங்குவேன்?"

சுண்ணாம்பு வாளி திரும்பிப் போனது. மூத்தவர் மட்டும் தயங்கி நின்றார். "அப்ப எங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடும்மா, தெக்கால பாத்தாப்பல."

இப்போது அந்தச் சுவரில் மூன்று குழந்தைகள். மூன்றாவது அழுகிறதா சிரிக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், அதை வரைந்தபோது எனக்கு இருந்தது ஆத்திரம் மட்டும்தான்.