ஆண்டிபட்டி வரைக்கும் வந்த ராணி

போடியில் ஜீப்பு ஓட்டுகிற பால்பாண்டிக்குச் சங்க காலம் தெரியும், பாண்டியர் காலம் தெரியும், நாயக்கர் காலமும் தெரியும். எல்லாம் பாதிதான். ராஜ்யங்கள் எப்படி எழும்பின என்று கேட்டால் கை காலை ஆட்டிச் சொல்லுவான். எப்படி விழுந்தன என்றால் தலையைச் சொறிவான். விழுகிற பகுதியெல்லாம் ஆண்டிபட்டிக்கு அப்பால் இருந்தது.

அவன் மனைவி தேவி, ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் நேரடி வகுப்பு இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு படிக்கிறவர்களே செமினார் நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஆள் ஏற்றுகிற சோலி கிடையாது என்பதால் பால்பாண்டியும் கூடப் போவான். அவள் உள்ளே இருக்க, இவன் வேப்பமர நிழலில் மற்ற புருசன்மாரோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவான்.

அவனுக்கான செமினார் திரும்பி வருகிற பஸ்சில் நடக்கும். உசிலம்பட்டி வரை கூட்டத்தில் நின்றுகொண்டே வருவார்கள். அங்கே உட்கார இடம் கிடைத்ததும் தேவி ஆரம்பிப்பாள். ராஜாக்களை அவள் புத்தகத்தில் இருந்தபடி சொல்ல மாட்டாள். ஒருத்தன் ராசிங்காபுரம் பெரிய வீட்டுக்காரர் மாதிரி மீசையை முறுக்குவான். இன்னொருத்தன் தேவாரம் ஊர்ப் பங்காளிகள் போல வரப்புக்குச் சண்டை போடுவான். கணவாய் வளைவுகளில் பால்பாண்டி நன்றாக முழித்திருப்பான். வளைவு என்றால் அவனுக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். வாரம் முழுக்க விடியும் முன்னே எழுந்து போடிமெட்டு மலை ஏறுகிற பழக்கம். ஆண்டிபட்டி தாண்டி ரோடு நேரானதும் தலை அவள் தோளில் சாய்ந்துவிடும்.

"மாமா, தூங்கிட்டீகளா?"

"இல்ல, சொல்லு, கேக்குறேன்" என்பான். அதற்கப்புறம் போடி பஸ் ஸ்டாண்டில்தான் முழிப்பு வரும்.

மறுநாள் ஜீப்பில் மலையேறும்போது, ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்கு அவன் கேட்டவரைக்கும் சொல்லுவான். ஜீப்பு ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் கோட்டைச்சாமி விடமாட்டான்.

"என்ன மாப்ளே, ராணி மங்கம்மா நேத்து எதுவரைக்கும் வந்துச்சு?"

"ஆண்டிபட்டி வரைக்கும் மச்சான்."

"டிக்கெட்டு அம்புட்டுத்தான் எடுத்துச்சோ!"

மங்கம்மா கதை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ராணி சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், வழியெல்லாம் மரம் வைத்தாள் என்று தேவி சொல்ல, "அந்த ரோட்டுல கொண்டை ஊசி வளைவு உண்டாடி?" என்று கேட்டான். அவள் சிரித்த சிரிப்புக்கு முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அது நாயக்கர் கால செமினார் முடிந்து வந்த அன்றைக்கு. அவளோடு அவன் போன கடைசிப் பயணமும் அதுதான். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

மாசக்கணக்கில் பால்பாண்டி ஜீப்பில் வாயே திறக்கவில்லை. பெண்களும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் அந்தப் பெண்களில் பாண்டீஸ்வரிதான் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அந்த ராணி கதை பாதியில நிக்குதே. கடேசில அது என்னதான் ஆச்சு?"

"தெரியாது தாயி."

சொல்லிவிட்டானே தவிர, அந்தக் கேள்வி அவனை விடவில்லை. தேவி அன்றைக்கு என்ன சொல்லி முடித்தாள்? பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாளே. அது மட்டும் கிடைத்தால் போதும் என்று இருந்தது. அவள் சொல்லி அவன் கேட்காமல் விட்டவற்றில் அதுதான் கடைசி.

எல்லாக் காலங்களையும் திருப்பிப் பார்க்கிற கடைசி செமினார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக மதுரைக்குப் போனான். பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னதும், "உள்ள வந்து உக்காருங்க" என்றார். வேப்பமரத்தடியிலேயே கிடந்தவன் முதல்முறையாக அந்த அறைக்குள் போனான். விசிறி கடகடத்தது. தேவி எந்த பெஞ்சில் உட்காருவாள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டான்.

நாயக்கர் காலத்தைச் சூர்யபிரகாஷ் என்கிற பையன் எடுத்தான். நன்றாகத்தான் பேசினான். மங்கம்மாவைப் பேரனே சிறை வைத்துப் பட்டினி போட்டதாக ஒரு கதை உண்டு, ஆனால் அதற்கு உறுதியான சான்று கிடையாது என்றான். அதோடு அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டான். பால்பாண்டிக்கு வெறுங்கையோடு நிற்பதுபோல இருந்தது. தேவி இதில் எதைச் சொல்லியிருப்பாள்? பட்டினி போட்டதையா? பட்டினி என்றால் அவள் குரல் எப்படி இறங்கியிருக்கும்?

திரும்புகிற பஸ்சில் கருத்தம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேனியில் அங்கன்வாடி வேலை பார்க்கிறவள், தேவியோடு படித்தவள், எப்போதும் இதே பஸ்சில் இவர்களுக்குப் பின்சீட்டில் வருவாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் தூங்கினதும் அவ நிறுத்திருவாளா?"

"எங்கிட்டு நிறுத்துனா! 'இந்த மனுசன் ஒரு ராசாவையும் சாக விட மாட்டாருக்கா, அதுக்குள்ள கண்ணு சொருகிரும்'னு எங்கிட்டச் சிரிப்பா. சிரிச்சுப்புட்டு உங்க பக்கம் திரும்பிக்கிட்டுச் சொல்லிக்கிட்டேதான் வருவா."

"மங்கம்மாவுக்கு என்ன சொன்னாக்கா?"

கருத்தம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். இட்டுக்கட்டி ஏதாவது சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். சொல்லவில்லை.

"எனக்கு எங்க தம்பி கேட்டுச்சு? உங்க காதோரமால்ல குனிஞ்சு சொல்லுவா. வாய் அசையிறது மட்டும் தெரியும். தேனி வரைக்கும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும்."

பஸ்சு கணவாயை இறங்கி ஆண்டிபட்டியைத் தாண்டியது. தேனியில் கருத்தம்மாள், "உடம்பைப் பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லி இறங்கிக்கொண்டாள். பாதி பஸ்சு காலியானது. தூக்கத்தில் அவன் காதில் விழுந்தது எங்கேயாவது உள்ளே தங்கியிருக்கும், இன்னொரு தடவை அதே ரோட்டில் தூங்கினால் கேட்கும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

ரோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. போடி வந்து கண்டக்டர் விசில் அடிக்கும்வரை ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.