ருக்குமணி வெட்கப்படாமல் சொன்னது

நம்மோடு பாடம் நடத்திய ருக்குமணி இறந்துவிட்டாள் என்று அவள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னபோது, நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நம் பள்ளியின் மற்ற ஆசிரியைகளான உங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. துக்கத்தோடு, உங்கள்மேல் பொறாமையும் வந்தது. அவள் விஷயத்தில் எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

அவள் நம் பள்ளியில் சேர்ந்த சில வருஷங்களில் அவளுக்கு வயிறு எடுத்துத் தெரிந்தது. என்னைப் போல அவளுக்கும் அதுவரை குழந்தையில்லை. முந்திவிட்டாள் என்று நினைத்து, நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கக்கா, இது புள்ளை இல்லீங்க, கட்டிங்க" என்றாள். கர்ப்பப்பையில் பல பெண்களுக்கு வருகிற சாதாரணக் கட்டிதான், கெட்டதில்லை என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எதனால் என்று அவளுக்கும் புரிந்திருக்கும்.

மாதாமாதம் உதிரம் மிகுதியாகப் போய் வெளிறிப்போவாள். கறை படிந்த துணிகளை அவள் கணவர் வேலுச்சாமி பட்டப்பகலில் வாய்க்காலில் அலசினார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரைப் பார்த்ததும் அழுகை முட்டியது. அவளுடைய நிலத்துக்கும் நல்ல குரலுக்கும்கூட நான் அவ்வளவு வயிறெரிந்ததில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு சுருங்கியிருக்க வேண்டிய கட்டி, திடீரென்று வளர்ந்தது. மறுபடி உதிரம் கண்டது. மாமியார் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை, கணவரோடு கோயமுத்தூருக்கு ரயிலேறிவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்தக் கட்டிக்குள்ளேயே புற்று பிடித்திருந்தது. இப்படி மாறுவது மிக அபூர்வம் என்றாராம் டாக்டரம்மா. கொஞ்ச நாளில் அது நெஞ்சுக்கும் பரவி, மூச்சு வாங்க ஆரம்பித்தது.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது வேலுச்சாமி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சாகக் கிடக்கிறவளைப் பார்த்தா பொறாமை என்பீர்கள். பட்டேன். அவர் எழுந்து போனதும் அவள் சொன்னாள்: "அவருக்கும் மொதல்ல ஒண்ணும் தெரியாதுங்கக்கா. நாந்தான் என் ஒடம்புக்கு என்னன்னு வெக்கப்படாமச் சொன்னனுங்க. நீங்க உங்க ஊட்டுக்காரருகிட்ட என்னைக்காவது சொல்லிப் பாத்தீங்களா?"

சொன்னதில்லை. எனக்கும் சில மாதங்களாக நாள் தவறி உதிரம் படுகிறது. அவள் கருமாதி முடிந்து வந்த அன்று என் கணவரிடம் சொன்னேன். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கோயமுத்தூர் போக வண்டி பேசியிருந்தார். நாளைக் காலை கிளம்புகிறோம்.

ருக்குமணியிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு கேள்விதான். அதையும் அவள் உங்களில் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.