நேராக ஓடிய கோடு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் பேனாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளத் தொட்டியில் முதலை நீந்தும்போது மேலே மிதக்கும் தக்கை ஏறி இறங்கும். அதோடு கட்டிய பேனா, உருளும் காகிதத்தில் அலையைக் கோடாக இழுக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கோட்டைப் பார்ப்பதே அவர் பிழைப்பு. முதலை நீர்மட்டத்தை ஒட்டிப் போனால் வாலடித்த பலத்தில் ஒரு பங்கு அலை எழுப்பியே வீணாகும். கோடு மேடு தட்டும். ஆழத்தில் போனால் அந்த வீண்செலவு இல்லை. அதே அடிக்கு இன்னும் தூரம் போகும்.

தொட்டியைக் கண்ணால் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

"நான் செத்தாலும் அந்தப் பேனா கோடு போட்டுக் காட்டினாத்தான் இந்த மனுஷன் அழுவாரு" என்பாள் மனைவி.

அன்று காலை தொட்டியை ஒட்டிய கூண்டில் முதலை இல்லை. கூண்டின் வடிகால் கம்பி வளைந்திருந்தது. ஆற்றுக்குப் போயிருக்கும் என்று ஆட்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். தொட்டித் தண்ணீர் பாசியில் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. அடியைத் தேய்க்க வந்த முக்குளிப்பவன் அவருடைய மைத்துனன்.

"அத்தான், அது இதுக்குள்ள இல்லையே?"

"அரைமணி நேரமா நேர்கோடு மாப்ள. கொசு முட்டையிட்டாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும்."

"அக்காவையே உங்கள நம்பித்தான் குடுத்தோம். இறங்குறேன்."

இடுப்புக் கயிற்றோடு, மூச்சடக்கி இறங்கினான். காகிதத்தில் சின்னச் சின்ன மேடுகள். பிறகு அடங்கின. கயிறு மட்டும் நழுவிக்கொண்டிருந்தது. பேனா நேராக ஓடியது.

ஆழத்துக்குப் போய்விட்டான் என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் உறைத்தது. ஓர் ஆள் தண்ணீருக்குள் இருக்கிறான். கோடோ, யாருமே இல்லை என்கிறது.

கயிற்றைச் சுருட்டி இழுத்தார். மைத்துனன் தேய்ப்பானும் கையுமாக ஏணியில் தலை நீட்டினான்.

"என்னத்தான், பாதியிலேயே?"

"ஏறு. பேசாம ஏறு."

அந்தக் குரலுக்கு ஏறிவிட்டான். தண்ணீர் அடங்கியது, பேனாவும் நேரானது.

"கீழ ஏதோ கட்டை கிடக்கு அத்தான். அது மேலதான் காலூன்றி நின்னேன். சொரசொரன்னு..."

பேனா மெல்ல மேடேறத் தொடங்கியது. மைத்துனன் தண்ணீரைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். அவர் மட்டும் இன்னும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.