அஞ்சு நிமிஷத்துக்கு ஓர் உதவியாளர்

போன் அடித்தால் அவர் வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்க மாட்டார். ஈரம் படாத சுண்டுவிரலால் பச்சையைத் தள்ளி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "பக்கத்துலதான் வந்துட்டிருக்கேன், அஞ்சு நிமிஷம்" என்பார். டிரம்மில் மோதி வரும் குரல், சுரங்கப்பாதைக்குள் வண்டி ஓட்டுகிறவரின் குரல்போலக் கேட்கும். நிஜத்தில் ஊரின் மறுகோடியில், யார் வீட்டுக் குளியலறையிலோ சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பேர். வேலை சுத்தம், வாய்தான் ஆளைக் கவிழ்த்தது. பெண்கள் விடுதி ஒன்றில் மாடிக்கு ஒன்றாக ஆறு மெஷின்கள் அவர் பொறுப்பில் இருந்தன. வீடு ஓடியதே அதில்தான். ஒருநாள் விடுதி மேனேஜரம்மா சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை ஏமாத்தினீங்கன்னா கம்பெனி ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அன்றைக்கே அவர் மனைவி இணையத்தில் ஆள் தேட ஆரம்பித்தாள். தங்கள் வீட்டில் இருந்தபடியே அடுத்தவர் தொழிலுக்குப் போன் எடுத்து, நேரம் குறித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

"மூஞ்சியே பார்க்காத ஆளுக்குச் சம்பளமா?"

"உங்க மூஞ்சியை மட்டும் யாரு பார்த்தா? கஸ்டமர் எல்லாம் குரலைக் கேட்டுக்கிட்டேதானே உட்கார்ந்திருக்காங்க?"

இரண்டு பேரிடம் போனில் பேசிப் பார்த்தார்கள். "நான் எங்கேன்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்பது அவர் வைத்த பரீட்சை. முதலில் பேசியவன் யோசிக்கவே இல்லை. "கிளம்பிட்டார்னு சொல்லிடுவேன் சார்." அவருக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்துப் பேசியவளோ, "நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்கு முதல்ல சொல்லணும்ணே" என்றாள்.

"இந்தப் பொண்ணு போதும்" என்று மனைவி முடித்துவிட்டாள்.

வந்த வாரமே விடுதியின் இரண்டாம் மாடி மெஷின், துணியும் தண்ணீருமாக நின்றுபோனது. உதவியாளர் மேனேஜரம்மாவிடம், "இன்னைக்கு அவரால வர முடியாது மேடம். நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, அதை அவருக்கும் தெரியப்படுத்தினாள்.

 "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாளே" என்று அவர் பதறி, அவளுக்குத் தெரியாமல் மேனேஜரம்மாவை அழைத்தார். கெஞ்சத்தான் நினைத்தார். வாய் பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது: "பக்கத்துலதான் வந்துட்டிருக்கேன் மேடம்."

சற்று நேரத்தில் உதவியாளரின் அழைப்பு வந்தது.

"அண்ணே, விடுதிக்குப் பேசினீங்களா?"

அவர் இருமினார்.

"ரெண்டுல எது நிஜம்னு மேடம் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

எதிரே வேறொரு வீட்டு மெஷினின் மோட்டார் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடந்தது. ஈரத்தரையில் திருகாணிகள் மினுங்கின. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க வழியே இல்லை.

"நீ சொன்னதுதாம்மா நிஜம்."

"சரி, நான் பேசிக்கறேன். இனிமே கஸ்டமர் போனெல்லாம் எனக்கு மட்டும் வரட்டும். நீங்க வேலையைப் பாருங்க."

மறுநாள் விடிந்ததும் விடுதி வாசலில் போய் நின்றார். மேனேஜரம்மா அவரையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே விட்டார். பம்புக்குள் ஒரு கொண்டை ஊசி சிக்கியிருந்தது. அதை எடுத்ததும் தேங்கிய நீர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது.

"நாலாவது மாடியிலயும் ஏதோ சத்தம் வருது. எப்போ வருவீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுக்கறேன்" என்றார் மேனேஜரம்மா. வேலை கைவிட்டுப் போகவில்லை என்று புரிய அவருக்குப் படிக்கட்டு முடியும்வரை ஆனது.

சில மாதம் கழித்து, விடுதியின் புதுக் கட்டடத்து மெஷின்களையும் அவரிடமே ஒப்படைத்தபோதுதான் மேனேஜரம்மா அன்றைய கதையைச் சொன்னார். உதவியாளர் இரண்டாம் முறை அழைத்த நேரத்தில், கம்பெனி ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாராம். ஒப்பந்தத்தில் கையெழுத்துதான் பாக்கி. "உங்க முதலாளி சுத்தப் பொய்யர்" என்று மேனேஜரம்மா கத்த, அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாளாம்: "பொய் இல்ல மேடம். எங்க இருக்கணும்னு ஆசைப்படறாரோ அதைச் சொல்லிடறார். எங்க இருக்கார்னு இனிமே நான் சொல்றேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் மேனேஜரம்மா பேனாவை மூடி அந்த ஆளிடமே கொடுத்துவிட்டாராம்.