இரண்டு நோ டிரம்ப் என்றால்

ஞாயிறு மதியம் இரண்டு மணி ஆனால் மாசாயில் உள்ள என் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. நான்கு வருடம் அந்த நேரத்தில் ஜொகூர் பாருவில் ஒரு குடியிருப்பு மண்டபத்தில் ப்ரிட்ஜ் சீட்டாட்டம் ஆடியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து எனக்கு ஜோடியாக ஆடியவர் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தாதி. கெலாங் பாத்தாவில் தனியாக இருந்தார். தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து, உடுத்திய சேலையோடு அப்படியே வந்துவிடுவார். எங்கள் இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

ப்ரிட்ஜில் சீட்டு இறங்குவதற்கு முன் ஏலம் நடக்கும். கையில் இருப்பதை ஜோடிக்கு ஏலத்தின் வழியாகத்தான் சொல்ல வேண்டும், வேறு பேச்சு கூடாது. ஒருவர் ‘ஒரு நோ டிரம்ப்’, அதாவது துருப்பு இனம் இல்லாத ஆட்டம், என்று திறந்தால் கை பலமாக, ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் நான்கு இனமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று பொருள். எதிராளி நடுவில் புகுந்து ‘இரண்டு ஸ்பேட்’ என்று வைத்துவிட்டால், நிதானமாகக் கேட்டுச் சொல்ல வழியில்லாமல் போகும். அதற்கு அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். அப்போது ‘இரண்டு நோ டிரம்ப்’ என்பது நிஜ ஏலம் இல்லை. திறந்தவர் தன் கையில் என்ன இருந்தாலும் ‘மூன்று கிளப்’ சொல்ல வேண்டும். பிறகு மற்றவர் தன் நீளமான இனத்தைச் சொல்லி ஏலத்தை நிறுத்திக்கொள்வார்.

முதல் முறை அந்த நிலை வந்தபோது நான் மறந்துவிட்டேன். அவர் இரண்டு நோ டிரம்ப் வைத்தார், நான் துணிந்து மூன்று நோ டிரம்ப் வைத்தேன். எடுக்க வேண்டிய ஒன்பது பிடியில் நான்கு குறைந்து தோற்றோம்.

“எங்கிட்ட டைமண்ட் ஆறு இருந்துச்சி. வேற ஒன்னும் இல்ல,” என்றார்.

“மறந்துட்டேன்.”

“மறக்கல லா. உங்க கை நல்லா இருந்துச்சி, அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

அதன் பிறகு பாடம் தொடங்கியது. வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது பதின்மூன்று சீட்டைப் போனில் எழுதி அனுப்புவார். “அவங்க ரெண்டு ஸ்பேட். நீங்க?” நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்து நான் பதில் அனுப்புவேன். சரியாக இருந்தால் பதிலே வராது. தவறினால் உடனே வரும். சில நாள் வேண்டுமென்றே தவறாக அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு அவர் திறந்தார், எதிராளி புகுந்தார். என்னிடம் ஹார்ட் ஆறு, மற்றது குப்பை. இரண்டு நோ டிரம்ப் வைத்தேன். மூன்று கிளப் என்றார். மூன்று ஹார்ட் என்றேன். ஆட்ட விதிப்படி அவர் தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டு நான் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பிடியும் கிடைத்தன.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் சொன்னார். “நியூசிலாந்துல வேல கெடச்சிருக்கு. இந்த வாரம் பதில் சொல்லணும்.”

“நல்ல வேலையா?”

“நல்ல வேலதான். நீங்க என்ன சொல்றீங்க?”

அப்போது அம்மா உயிரோடு இருந்தார். வேறு சாமி கும்பிடுகிற பெண் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை.

“நல்ல சான்ஸ். போங்க,” என்றேன்.

“சரி,” என்றார்.

இரண்டு மாதத்தில் போய்விட்டார். போன வருடம் லாபிஸில் அவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ரயிலில் போனேன். அவரும் நியூசிலாந்திலிருந்து வந்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா இருந்திருப்பேன்,” என்றார். “இப்ப அங்க பழகிருச்சி.”

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போனார். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன். அங்கே யாரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.