யூ. செல்லசாமி

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் இரண்டு செல்லசாமிகள். ஒருவர் கீழ் கணக்கில் இருக்கிற தபால் செல்லசாமி. மற்றவர் மேல் கணக்கில் இருக்கிற பெரிய செல்லசாமி, வேலையை விட்டு ஓய்ந்துபோன பழைய கங்காணி. கணக்கு என்றதும் பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டத்தை மலை மலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பிரிவுக்கு இங்கே அதுதான் பெயர். கீழ் கணக்கிலிருந்து மேல் கணக்குக்கு ஒன்றரை மைல் ஏற்றம், மழை நாளில் அட்டைக்கடி தனி.

தபால் செல்லசாமிக்கு ஐம்பத்தொரு வயது. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் மலை பிரித்துக் கொடுக்கும்போது இவருக்கு மட்டும் மலை இல்லை, தபால் பைதான். பஜாருக்கு இறங்கிப் போய், தபால் கந்தோரில் தோட்டத்துத் தபாலை எடுத்து, ஆபீசுக்குக் கொண்டுவந்து, பிரித்து, தொழிலாளர் குடியிருக்கிற வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாகக் கொடுக்க வேண்டும். பிரிக்க வேண்டியது உண்மையில் கிளாக்கர் ஐயாவின் வேலை. கிளாக்கர் ஐயாவுக்கு அதைவிட முக்கியமான வேலை, பிளேன்டி குடிப்பது. அதனால் பத்தொன்பது வருடமாக இவரே பிரித்துக்கொண்டிருந்தார்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் தெரியாது, இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். கவர்களைப் பார்த்துப் பார்த்தே பழகியது. இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் மூன்று ராமையா, நான்கு பெருமாள், ஐந்து மாரியாயி இருந்தார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது முன்னால் நிற்கிற ஓர் எழுத்துதான், அது தகப்பன் பெயரின் எழுத்து. கே. செல்லசாமி என்றால் இவர், கருப்பையா மகன். யூ. செல்லசாமி என்றால் உடையார் மகன், பெரிய செல்லசாமி. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதம் ஆள் மாறிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. அதைத் தவிர அவருக்குப் பெருமைப்பட ஒரே ஒரு விஷயம் இருந்தது, மகள் ஊர்மிளா.

ஊர்மிளா உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தவள். தோட்டத்தில் அதற்கு முன்னால் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. முதல் தடவை தவறியது, இரண்டாம் தடவை பாஸ், ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் காணாது. மூன்றாம் தடவை நல்ல புள்ளி. மூன்று தடவைதான் சட்டம். அதற்கு மேல் பரீட்சை எழுதலாம், பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். முதல் பட்டியல் வந்தபோது நூலிழையில் விட்டுப்போயிற்று. வெற்றிடம் விழுந்தால் கூப்பிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஒரு மாதம் பார்த்தார்கள், இரண்டு மாதம் பார்த்தார்கள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த போன் நம்பர், காசு போடாமல் வெட்டுப்பட்டுப் போயிற்று. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, கடிதம் வரும் என்று இருந்தார்கள். கடிதம் வந்தால் அப்பா கைக்குத்தானே வர வேண்டும்.

ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், விடாத மழை. தபால் கந்தோரில் பதிவுத் தபால் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தடித்த கவர், மேலே அரசாங்க முத்திரை, பெயர் இருந்த இடத்தில் யூ. செல்லசாமி. தோட்டத்துப் பெயரும் சரி. பார்த்ததுமே அவருக்கு மனசு குளிர்ந்தது. பெரிய செல்லசாமிக்கு லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக் கொடுத்து ஐந்து வருடமாகிறது. வீட்டு உறுதிப் பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. கிழவர் பார்க்கிற நேரமெல்லாம், "உறுதி வந்திச்சாடா?" என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை.

மற்றக் கடிதங்களை வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக மேல் கணக்குக்கு ஏறினார். கவர் நனையாமல் இருக்கச் சட்டைக்குள்ளே வைத்திருந்தார்.

"மாமா, வந்திருச்சு!"

கிழவர் தபால் கொப்பியில் கைநாட்டு வைத்துவிட்டுக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசிக்கத் தெரிந்த மகன் கொழும்பில். தீபாவளிக்கு வந்தால் அவன் கையால் பிரிக்கட்டும் என்று முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். செல்லசாமிக்குத் தேத்தண்ணியும் கறுப்பட்டித் துண்டும் கிடைத்தன. இறங்கி வரும்போது அவர் சந்தோஷமாகத்தான் வந்தார்.

செப்டம்பர் மூன்றாம் தேதி குகநேசன் சேர் மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் வாசலுக்கு வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடமாக ஊர்மிளாவின் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். ஊர்மிளாவின் வகுப்புக்காரி லக்சனா, லிந்துலைப் பிள்ளை, வெற்றிடத்தில் இடம் கிடைத்துப் பல்கலைக்கழகம் போயிருந்தாள். அவளுடைய புள்ளி ஊர்மிளாவினுடையதைவிடக் குறைவு. அது எப்படி என்று சேர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்.

"கடிதம் அனுப்பியாச்சாம், அண்ணை. பதிவுத் தபாலிலயாம். வாங்கினதுக்குக் கையெழுத்தும் இருக்காம். உங்கட பேர்தான் சொல்லுகினம்."

"நம்ம புள்ளைக்கு ஒண்ணும் வரலீங்க சேர். வந்தா எனக்குத் தெரியாம போகுங்களா?"

சேர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வந்த பதிவு இலக்கத்தை நீட்டினார். செல்லசாமி தன்னுடைய கொப்பியைப் புரட்டினார். இலக்கம் இருந்தது. பக்கத்தில் அவருடைய எழுத்திலேயே: யூ. செல்லசாமி, மேல் கணக்கு. அதற்குப் பக்கத்தில் கிழவரின் பெருவிரல்.

சேர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கட பேரை அவையள் மாறி விளங்கிப்போட்டினம். முன்னால நிக்கிற தகப்பன்ர பேரைக் குடும்பப் பேரா எடுத்திட்டினம். இந்த யூ தகப்பன்ர எழுத்தில்லை, அண்ணை. ஊர்மிளாதான் யூ."

செல்லசாமி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுடைய பெயர் இங்கிலீஷில் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை. அவள் செ. ஊர்மிளா. செ என்பது அவர்.

இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் மேல் கணக்குக்குப் போனார்கள். கவர் முருகனுக்கு முன்னால் அப்படியே இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், பிரிக்கப்படவில்லை. சேர் அதை எடுத்ததும் கிழவர் பாய்ந்து வந்தார்.

"ஏ! என் வீட்டு உறுதியை எங்க கொண்டு போறீங்க?"

அவருக்கு விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போயிற்று. விளங்கியதும் கிழவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சேர் பிரித்து வாசித்தார். விவசாய பீடம். ஓகஸ்ட் பதினான்குக்கு முன்னர் பதிந்துகொள்ளாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அழுகை வரும் என்று செல்லசாமி காத்திருந்தார். வரவில்லை.  ஆபீசுக்குத் திரும்பி வந்து பையை எடுத்து, அன்றைய கடிதங்களை லயம் லயமாகக் கொடுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பின்னேரம் வீட்டில் ஊர்மிளா அடுப்படியில் இருந்தாள். அவர் கவரைப் பலகைமேல் வைத்தார்.

"வந்திருக்கு புள்ள. ஓகஸ்ட்ல வந்திருக்கு. நான்தான் மேல கொண்டுபோய்க் குடுத்திட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை வாசித்தாள், தேதியை மட்டும் இன்னொரு தடவை. குங்குமம் விரலில் ஒட்டியிருந்தது.

"சரிப்பா," என்றாள். "சோறு போடவா?"

திட்டுவாள் என்றுதான் அவர் வந்திருந்தார். மலையிலிருந்து வந்த அவர் மனைவி தெய்வானை விஷயத்தைக் கேட்டு, கூடையைக்கூட இறக்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் அழுதது அவள் ஒருத்திதான்.

சேர் விடுகிறவர் இல்லை. மேன்முறையீடு எழுதினார். நேரில் போய்க் கொடுத்தால் நல்லது என்று தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு பஸ். பல்கலைக்கழகம் இத்தனை பெரிசாக இருக்கும் என்று செல்லசாமி நினைக்கவில்லை. ஒரு தோட்டத்தையே உள்ளே வைக்கலாம். பதிவுக் கந்தோரில் இருந்த சிங்கள அம்மா நல்ல மனுசி. நாற்காலி போட்டுக் கொடுத்தாள், பைலைத் தேடி எடுத்தாள், பொறுமையாகக் கேட்டாள். பிறகு ரசீதின் பிரதியைத் திருப்பிக் காட்டினாள்.

"அத்சன தியெனவனே, அய்யே," என்றாள். கையெழுத்து இருக்கிறதே, அண்ணா.

இருந்தது. தபால் கந்தோரில் அவர் போட்டதுதான். தகப்பன் பெயர் செல்லசாமி, வாங்கியவர் கையெழுத்தும் செல்லசாமி. தகப்பன் வாங்கிவிட்டார், மகள் வரவில்லை. பைலைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தெரியும். சேர் சிங்களத்தில் நிறையப் பேசினார். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பதில் அனுப்புவார்கள் என்றாள்.

வெளியே லக்சனா காத்துக்கொண்டு நின்றாள். முதல் வருடப் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் போட்ட சட்டப்படி பாவாடையும் செருப்பும், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையும். ஊர்மிளாவைக் கண்டதும் கட்டிக்கொண்டாள்.

"ரூம்ல நாலு பேருடி. லெக்சர் எல்லாம் இங்கிலீஷ். ஒரு மண்ணும் வெளங்கல. மண்ணப் பத்தித்தான் படிக்கிறோம், அதுவும் வெளங்கல."

கொப்பியைப் பிரித்துக் காட்டினாள். ஊர்மிளா வாங்கி, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை வாசித்தாள். பிறகு தரையிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். ஏன் புளிப்பான மண்ணில் தேயிலை நன்றாக வருகிறது, ஏன் மரக்கறி வராது, சுண்ணாம்பு போட்டால் என்ன நடக்கிறது. லக்சனா எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பிள்ளைகளும் குனிந்து எழுதினார்கள்.

செல்லசாமி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் மணி அடிக்க, பிள்ளைகள் கொப்பிகளை அள்ளிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். ஊர்மிளா கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, "பஸ் எத்தனை மணிக்கு சேர்?" என்று கேட்டாள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. பதிவுத் தபால், யூ. செல்லசாமி. இந்த முறை அவர் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து, கொப்பியில் மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கவரைக் கொடுத்தார். இடம் நிரம்பிவிட்டது, வருந்துகிறோம். நான்கே வரி.

அடுத்த நாள் கிளாக்கர் ஐயாவிடம் போய், தபாலை விட்டுவிட்டு மலைக்குப் போகிறேன் என்றார்.

"நீ போனா இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கிறதுக்கு வேற யாரு இருக்கா?" என்றார் கிளாக்கர் ஐயா. செல்லசாமி பையைத் திரும்பவும் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஊர்மிளா வேலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் சேர்ந்தாள். லக்சனா வாரத்துக்கு ஒரு முறை கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவாள். இவள் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, விளக்கத்தைக் குரலில் பதிந்து திருப்பி அனுப்புவாள். முதல் அரையாண்டில் லக்சனா எல்லாப் பாடத்திலும் பாஸ். போனில் அவள் கத்தியது பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேட்டது.

மார்ச்சில் ஒரு நாள் பதிவுத் தபால் ஒன்று வந்தது. தடித்த கவர், அரசாங்க முத்திரை, யூ. செல்லசாமி.

செல்லசாமி தொழிற்சாலைக்குப் பக்கத்தில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றார். வலது பக்கம் மேல் கணக்கு, இடது பக்கம் பிள்ளைக் காம்பரா. பத்தொன்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த பாதையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கொழுந்து லொறி இரண்டு முறை ஹோர்ன் அடித்த பிறகுதான் ஒதுங்கினார். ஒதுங்கியது இடது பக்கம்.

ஊர்மிளா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் கவரை நீட்டினார். அவள் வாங்கவில்லை, மூலையில் அச்சடித்திருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"காணிக் கந்தோர்னு போட்டிருக்குப்பா. உறுதியாத்தான் இருக்கும். மேல் கணக்குக்குக் கொண்டு போங்க."

"நல்லாப் பாரு புள்ள."

"பாத்துட்டேன்."

அவர் நகரவில்லை. கவரைப் பிடித்த கை நீட்டியபடியே இருந்தது. குழந்தை அதைப் பிடிக்கக் கையைப் போட்டது. ஊர்மிளா அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"அப்பா, இனிமே எனக்கு ஒண்ணும் வராது. யூ போட்டு வந்தா யோசிக்காம தாத்தாக்கிட்டயே குடுத்திருங்க."

அவர் தலையாட்டினார். மழை இல்லாவிட்டாலும் கவரைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு மேல் கணக்குக்கு ஏறினார்.