செல்வி மேல் போட்ட பழி

"...வயரை நான் தொடவே இல்லைங்கேன், நீங்க பாட்டுக்கு ஏசுதீங்களே அண்ணாச்சி!" என்று என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென மாடிக்குப் போனாள் செல்வி. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருப்பவள். அங்கே நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். எல்லாம் நானாகக் கற்றது.

சீசனுக்கு வந்த யாரோ அறையில் சொந்த ரவுட்டரைச் செருக, அது மற்றவர்களின் போன்களுக்குத் தப்பான முகவரி கொடுத்து நெட்டைக் குழப்பியது. அதைத் தடுக்கத்தான், எல்லா வயர்களும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கினேன்; நம்பகமானது என்று நாம் குறித்த போர்ட்டிலிருந்து மட்டுமே முகவரி கொடுக்க விடும் காவல் அது. கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் முழுக்க நெட் போய்விட்டது. மாடியில் ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். பதற்றத்தில், "ஏட்டி, தூசி தட்டுதேன்னு எதைப் பிடிச்சு இழுத்த?" என்று எல்லார் முன்னாலும் செல்வியிடம் கத்திவிட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். எங்கள் சொந்த ரவுட்டரின் வயர் செருகியிருக்கும் போர்ட்டை நம்பகமானது என்று குறிக்க நான்தான் மறந்திருக்கிறேன். வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிய கதை. குறித்ததும் நெட் வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அந்தப் போர்ட்டைக் குறித்த பிறகே ஸ்னூப்பிங்கைத் தொடுகிறேன். நெட் நின்றால், முதலில் என் வேலையைத்தான் சந்தேகப்படுகிறேன்.

அன்று மன்னிப்புக் கேட்க மாடிக்கு ஓடினேன். தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அறை வாசலில் காவல் நின்றாள் செல்வி. "யம்மா செல்வி..." என்று நான் தொடங்கியதும், சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தாள்.